ஆறு செட்டு மாத்திரை

சேசு மரி சூசை துணை

ஷில்லாங்
16-1-2025

அன்புள்ள நைனாவுக்கு,

சாவியோ எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உங்கள் காது, அம்மாவின் முட்டி இரண்டும் எப்படி இருக்கின்றன? அம்மாவைப் போனில் கேட்டால் இரண்டுமே பிரமாதம் என்கிறாள். அதை நம்ப முடியாமல்தான் உங்களைக் கேட்கிறேன்.

இங்கே குளிர் எலும்பில் ஏறுகிறது. ராயபுரத்தில் ஃபேன் போட்டுத் தூங்கிவிட்டு இங்கே வந்து இறங்கினதும் தொண்டை கட்டிக்கொண்டது. எச்சில் விழுங்கினால் மீன் முள் சிக்கின மாதிரி இருக்கிறது. நீங்கள் பையின் பக்க ஜிப்பில் திணித்துவிட்ட மெடிக்கல் ஷாப் காக்கிக் கவரை நேற்று சாயந்தரம் பிரித்தேன். பொன்ராஜ் அண்ணன் கடை செட்டு, ஆறு. நேற்று சாயந்தரம் ஒன்று, இன்று காலை ஒன்று போட்டேன். இப்போதே பாதி தேவலை. மீதி நாலையும் சனிக்கிழமை காலைக்குள் முடித்துவிடுவேன்.

டீம் டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் உட்கார வைத்துவிடுவார். சனிக்கிழமை ஆட்டத்தில் முதல் பதினொரு பேரில் என் பெயர் இருக்கிறது நைனா! லெஃப்ட் பேக். மூன்று மாதம் பெஞ்சில் உட்கார்ந்து கிடைத்த இடம், தொண்டைக்காக விடமாட்டேன்.

அம்மாவை முட்டியோடு தினமும் கோயில் படி ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள். பதில் போடுங்கள்.

உங்கள் அன்பு மகன்
சாவியோ

*

ராயபுரம், பனைமரத்தொட்டி
27-1-2025

பார்வை: உன் கடிதம் நாள் 16-1-2025. ஷில்லாங் தபால் முத்திரை 17-1-2025. வீட்டில் பெற்றது 25-1-2025.

அன்பு மகன் சாவியோவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே இருவரும் சுகம். அம்மாவின் முட்டி வீங்கித்தான் இருக்கிறது. கோயில் படியைப் பற்றி நீ சொன்னதைச் சொன்னேன். "அவன் அங்க ஒதைச்சிகினு கீறான், இங்க எனக்கு ரூல்ஸ் போடறானா?" என்றாள்.

நான் மேலே 'பார்வை' எழுதுவதைப் பார்த்தும் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். எண்ணூர் ஃபோர்ஜிங் ஷாப்பில் முப்பத்தோரு வருடம் வேலை, அதில் பதினெட்டு வருடம் சங்கச் செயலாளர். தேதியும் முத்திரையும் பார்க்காமல் ஒரு காகிதத்தையும் ஃபைலில் வைத்ததில்லை. உன் கடிதங்களும் அப்படித்தான் கிடக்கின்றன, கவரோடு.

ஆட்டத்தைப் பக்கத்து வீட்டு டெரிக் போனில் பார்த்தேன். காது கேட்காததில் ஒரு சௌகரியம், கமென்டரி என்னும் பேஜாரு இல்லை. முதல் பாதியில் இரண்டு தடவை உன் ஆளை விட்டுவிட்டு மேலே ஓடினாய். ஓடிப்போனவன் திரும்பி வர வேண்டாமா? எழுபதாவது நிமிடம் கோல் கோட்டில் காலை விட்டுத் தடுத்தாய் பார், அதற்கு நான் போட்ட கூச்சலில் மாடிக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள்.

செட்டுக்குத் தொண்டை கேட்டதில் ஆச்சரியமில்லை. பொன்ராஜ் கை ராசிக் கை. அடுத்த முறை பத்தாக வாங்கி வைக்கிறேன். சூடாக வெந்நீர் குடி. குரங்குக் குல்லா போடு.

உன் நைனா
ஹென்றி

*

ஷில்லாங்
3-3-2025

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி? அம்மாவுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டாதீர்கள். நானே பிறகு சொல்கிறேன்.

ஜனவரி 18 ஆட்டம் முடிந்ததும் என்னையும் இன்னொருவனையும் ஊக்கமருந்து சோதனைக்குக் கூப்பிட்டார்கள். சிறுநீர் கொடுத்தேன். எல்லோரும் கொடுப்பதுதானே என்று அப்போது உங்களுக்கு எழுதவில்லை. போன வெள்ளிக்கிழமை மெயில் வந்தது. என் சாம்பிளில் பீட்டாமெத்தசோன் என்று ஒன்று இருக்கிறதாம். ஸ்டீராய்டு வகை. ஆட்ட நாளில் உடம்பில் இருக்கவே கூடாதாம். பிப்ரவரி 28 முதல் நான் விளையாடக் கூடாது. டீமோடு சேர்ந்து ஓடக்கூட முடியாது. விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு விசாரணை. அதிகபட்சம் இரண்டு வருடம் தடை வரலாம் என்று மேனேஜர் சொல்கிறார்.

சோதனை அன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். கடந்த ஏழு நாளில் எடுத்த மருந்துகள் என்று ஒரு கட்டம். 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது அது உண்மை என்றுதான் நினைத்தேன்.

நைனா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சரி, வேண்டாம். இன்னொரு கடிதத்தில் கேட்கிறேன்.

நான் ஏமாற்றவில்லை. அதை மட்டும் நீங்கள் நம்பினால் போதும்.

சாவியோ

*

ராயபுரம்
10-3-2025
ஸ்பீடு போஸ்ட்

பார்வை: உன் கடிதம் நாள் 3-3-2025. பெற்றது 9-3-2025.

மகனே,

எவன்டா உனக்குக் கொடுத்தான்? ஜூஸில் கலந்தானா, சாப்பாட்டில் கலந்தானா? உன் இடத்துக்குக் காத்திருந்த எவனாவது செய்தானா? அவன் மட்டும் என் கையில் கிடைத்தால், அறுபத்துமூன்று வயது என்று பார்க்கமாட்டேன். ஃபோர்ஜிங் ஷாப்பில் சம்மட்டி பிடித்த கை இது.

உன்னை நம்புகிறேனா என்று கேட்கிறாயே, மடையா. அதை எழுதக் காகிதம் செலவழிக்க வேண்டுமா?

இப்போது நான் சொல்வதைக் கேள். என் மேல் கம்பெனி நாலு முறை சார்ஜ் ஷீட் கொடுத்தது. நாலுக்கும் முதல் வரி ஒரே வரிதான்: 'குற்றச்சாட்டை முற்றிலுமாக மறுக்கிறேன்.' அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. சுமத்தியவன்தான் நிரூபிக்க வேண்டும். நாம் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் அந்த வார்த்தையிலேயே தூக்கு மாட்டுவான். நாலிலும் ஜெயித்தேன். இத்துடன் பதில் தயாரித்து வைத்திருக்கிறேன். இங்கிலீஷில் மாற்றி அப்படியே கொடு. 'எந்த மருந்தும் எடுக்கவில்லை, எப்படி வந்தது என்று தெரியாது.' அவ்வளவுதான். எதையும் ஒப்புக்கொள்ளாதே.

அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் நான் தட்டில் இருந்ததை அப்படியே வைத்து எழுந்ததில் ஏதோ மோப்பம் பிடித்துவிட்டாள். நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் நைனா
ஹென்றி

*

ராயபுரம்
29-4-2025

பார்வை: எதுவுமில்லை. நீ எழுதினால்தானே?

சாவியோ,

மூன்று கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அம்மாவிடம் போனில் இரண்டு நிமிடம் பேசி 'நல்லா கீறேன்' என்று வைத்துவிடுகிறாயாம். அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பேப்பரில் நாலு வரி வந்திருந்தது. ஒரு பயல் டீக்கடையில் "ஊசி போட்டு ஆடனவன்" என்றானாம். எனக்குக் கேட்கவில்லை. உன் அம்மாவுக்குக் கேட்டது. அவன் இனி அந்தக் கடைக்கு வரமாட்டான்.

விசாரணை என்ன ஆனது? நான் எழுதியதைக் கொடுத்தாயா? ஒரு வரி போடு. வெயில் கொளுத்துகிறது, மற்றபடி சுகம். நீ இல்லாத சுகம் என்ன சுகம்.

உன் நைனா

*

ஷில்லாங்
2-6-2025

அன்புள்ள நைனாவுக்கு,

எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

தீர்ப்பு 30-ஆம் தேதி வந்தது. இரண்டு வருடம். நீங்கள் எழுதிக் கொடுத்ததைத்தான் சொன்னேன். குழுத் தலைவர் மூன்று தடவை கேட்டார், உடம்புக்குள் எப்படி வந்தது என்று. மூன்று தடவையும் தெரியாது என்றேன். நான்காவது தடவை கேட்கவில்லை, எழுதிக்கொண்டார்.

இருபத்தொரு நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஜூன் 20 கடைசி நாள். எனக்கு இருபத்தாறு வயது. இரண்டு வருடம் கழித்து எந்த கிளப் என்னைக் கூப்பிடும்? கிளப் அறையைக் காலி செய்துவிட்டேன். ஒரு நண்பன் வீட்டில் தங்கிக்கொண்டு, பேக்கரி ஒன்றில் மாவு மூட்டை இறக்குகிறேன். காலையில் தனியாக ஓடுகிறேன். ஊருக்கு வர முகம் இல்லை.

சும்மா ஒன்று கேட்கிறேன். ஜனவரியில் பொன்ராஜ் அண்ணன் கடையில் வாங்கிய செட்டில் என்னென்ன மாத்திரை இருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? சும்மாதான். பெரிய விஷயமில்லை.

அம்மா முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறாளா?

சாவியோ

*

ராயபுரம்
8-6-2025

பார்வை: உன் கடிதம் நாள் 2-6-2025. பெற்றது 7-6-2025.

அன்பு மகனுக்கு,

இரண்டு வருடமா! எப்படி வந்தது என்று அவர்கள் நிரூபித்தார்களா? நிரூபிக்காமல் தண்டனை கொடுத்தால் அது விசாரணையா, கட்டப்பஞ்சாயத்தா? படித்துவிட்டு உன் அம்மா அழுதாள். நானும் அழுதேன், அதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

நாளைக்கே வியாசர்பாடி போகிறேன். சங்கத்தில் என்னோடு இருந்த பீம்ராவின் மகள் அன்புக்கரசி இப்போது வக்கீல். லேபர் கோர்ட்டில் அவள் எழுந்து நின்றாலே கம்பெனி வக்கீல் தண்ணீர் குடிக்கிறார் என்கிறார்கள். அவளைப் பிடிக்கிறேன். இருபதாம் தேதிக்குள் மேல்முறையீடு போய்ச் சேரும்.

செட்டைப் பற்றி எதற்குக் கேட்கிறாய்? மறுபடி தொண்டையா? செட்டு என்றால் செட்டு. மஞ்சள் ஒன்று, பெரிய வெள்ளை ஒன்று, பொட்டளவு சின்ன வெள்ளை ஒன்று. எல்லாருக்கும் அதே மூன்றுதான். வேண்டுமென்றால் வாங்கி அனுப்புகிறேன்.

மூட்டை தூக்கும்போது முதுகை வளைக்காதே, முட்டியை மடக்கு. முகம் இல்லை என்று எழுதாதே. உன் முகத்தைப் பார்த்து ஐந்து மாதம் ஆகிறது.

உன் நைனா
ஹென்றி

*

ராயபுரம்
10-6-2025
ஸ்பீடு போஸ்ட்

பார்வை: உன் கடிதம் நாள் 16-1-2025.

சாவியோ,

நேற்று அன்புக்கரசியைப் பார்த்தேன். உன்னிடம் வாங்கிய தீர்ப்பின் நகலை டெரிக் போனிலிருந்து அவளுக்கு அனுப்பியிருந்தோம். உன் அம்மாவும் கூட வந்தாள், எனக்குக் காது வேண்டுமே. அந்தப் பெண் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என் இடது காதருகே வந்து சத்தமாகச் சொன்னாள்:

"மாமா, இது ஃபாக்டரி என்கொயரி இல்ல. சாம்பிள்ல இருந்துச்சுன்னு காட்டினா அவங்க வேலை முடிஞ்சுது. எப்படி வந்துச்சு, வேணும்னு எடுக்கலைன்னு நாமதான் காட்டணும். தெரியாதுன்னு சொல்லச் சொன்னது யாரு?"

நான்தான் என்றேன். அவள் அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "ஜனவரியில அவருக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சா? ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா?" இல்லவே இல்லை என்றேன். அப்போதுதான் உன் அம்மா ஆபீஸ் அதிரக் கத்தினாள்:

"யோவ், நீதானயா பொன்ராஜ் கடையில பொட்லம் வாங்கியாந்து புள்ள பையில சொருவுன! அத வுட்டுட்டு ஊர்ல கீறவனயெல்லாம் திட்டிகினு கீற!"

"அது செட்டும்மா," என்றேன் நான். "மருந்தா அது?" என்று என் வாய்தான் கேட்டது. கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

அங்கிருந்து நேராகப் பொன்ராஜ் கடைக்குப் போனோம். சின்ன வெள்ளை மாத்திரையின் அட்டையை எடுத்துக் காட்டச் சொன்னேன். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்தது. பீட்டாமெத்தசோன். மூன்று முறை படித்தேன். எதையும் எழுத்தில் தர அவர் மாட்டேன் என்றுவிட்டார். "அண்ணே, வாயால சொல்றேன், எழுத மட்டும் சொல்லாத. லைசென்சு போச்சுன்னா நான் இன்னாண்ணே பண்றது?" என்றார்.

சாவியோ, எவன் கொடுத்தான் எவன் கொடுத்தான் என்று மூன்று மாதமாகக் குதித்தேனே. நான்தானடா கொடுத்தேன். கொடுத்ததும் நான், உண்மையைச் சொல்லவிடாமல் வாயைக் கட்டியதும் நான். நீ சும்மா கேட்கிறேன் என்று எழுதினாயே, அது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. எப்போதிருந்து உனக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்து ஃபைலைப் பிரித்தேன். உன் ஜனவரிக் கடிதம் கவரோடு இருக்கிறது. 'பொன்ராஜ் அண்ணன் கடை செட்டு, ஆறு' என்று நீ எழுதியிருக்கிறாய். முத்திரை 17-ஆம் தேதி. சோதனை 18-ஆம் தேதி. இன்று காலை எடுத்துப்போய் அன்புக்கரசியிடம் காட்டினேன். சோதனைக்கு முந்தின நாள் முத்திரை குத்திய கடிதத்தை யாராலும் பிற்பாடு ஜோடிக்க முடியாது என்றாள். இது போதுமா என்று கேட்டேன். ஆரம்பிக்கப் போதும் என்றாள்.

அம்மாவின் முட்டி அப்படியே இருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை.

ஹென்றி

*

ஷில்லாங்
15-6-2025
ஸ்பீடு போஸ்ட்

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நான் நலம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா இல்லையா என்பதை அம்மாவிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

மார்ச்சிலேயே எனக்குச் சந்தேகம். அந்தப் பெயரைப் போனில் தேடினால் படம் வருகிறது. பொட்டளவு சின்ன வெள்ளை. ஆனால் காக்கிக் கவரில் பெயரும் இல்லை, பில்லும் இல்லை, கவரையும் தூக்கிப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்டால் உங்களுக்குப் புரிந்துவிடும். புரிந்தால் நீங்கள் என்ன ஆவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் உங்கள் பதிலையே கொடுத்தேன். அது கோழைத்தனம் என்று இப்போது தெரிகிறது.

உங்களை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். டீம் டாக்டரிடம் சொல்லாதது நான். ஒரு சீசனுக்கு இரண்டு தடவை எங்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள், எதைச் சாப்பிட்டாலும் கேட்டுவிட்டுச் சாப்பிடு என்று. தலையாட்டிவிட்டு வந்தவன் நான். படிவத்தில் 'இல்லை' என்று எழுதும்போது செட்டு ஞாபகத்துக்கே வரவில்லை. நானும் உங்கள் தெருவில் வளர்ந்தவன்தானே.

ஒன்றே ஒன்று. மேல்முறையீட்டில் உங்கள் பெயர் வர வேண்டாம். நானே கடையில் வாங்கினேன் என்று எழுதச் சொல்லுங்கள். பொன்ராஜ் அண்ணன் பெயரையும் விட்டுவிடலாம்.

சாவியோ

*

ராயபுரம்
6-7-2025

பார்வை: உன் கடிதம் நாள் 15-6-2025. பெற்றது 20-6-2025.

சாவியோ,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே மேல்முறையீடு போய்விட்டது. முன்பே வந்திருந்தாலும் நீ கேட்டதைச் செய்திருக்க மாட்டேன். ஒரு பொய்யால்தான் இரண்டு வருடம் வாங்கினோம். இன்னொன்று போட்டு நாலு வருடம் வாங்கவா? என் பெயர், அப்பன் பெயர், விலாசம், எல்லாம் போட்டு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துவிட்டேன். நோட்டரி வேகமாகப் படித்தார். மெதுவாகப் படியுங்கள், இது என் மகன் விஷயம் என்றேன்.

பொன்ராஜ் விஷயம் கேள். நான் மூன்று தடவை கேட்டும் மாட்டேன் என்றுவிட்டார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, மூன்று பெண்பிள்ளைகள். நான் விட்டுவிட்டேன். உன் அம்மா விடவில்லை. காலைப் பூசை முடிந்ததும் நேராக அந்தக் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவாள். திட்டவில்லை, கேட்கவில்லை, ஜெபமாலை உருட்டிக்கொண்டு ஒரு மணி நேரம். ஒன்பதாவது நாள் அவர் வெளியே வந்து, "யக்கா, முட்டி வலியோட நீ குந்திகினு கீறத என்னால பாக்க முடில. எங்க கையெழுத்து போடணும், சொல்லு," என்றார்.

டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த மூன்று மாத்திரையைக் கொடுப்பது வழக்கம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அது தெரிந்து மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். பத்து நாள் கடையை மூடினார்கள், இனிமேல் செட்டு கொடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். லைசென்ஸ் தப்பித்தது. செட்டு கிடைக்காத கோபத்தில் பாதித் தெரு என்னோடு பேசுவதில்லை. பேசினாலும் எனக்குக் கேட்கப் போவதில்லை.

விசாரணை ஆகஸ்ட் 12, வீடியோவில். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். நீ ஓடுவதை நிறுத்தாதே. மழையில் வழுக்கும், பார்த்து ஓடு.

ஹென்றி

*

ஷில்லாங்
26-8-2025

அன்புள்ள நைனாவுக்கு,

அம்மாவிடம் நேற்றே போனில் சொல்லிவிட்டேன். அவள் போட்ட சத்தம் உங்களுக்கே கேட்டிருக்கும். ஆனாலும் உங்களுக்கு எழுத்தில் வேண்டும் என்று தெரியும்.

தடையை எட்டு மாதமாகக் குறைத்துவிட்டார்கள். பிப்ரவரி 28-லிருந்து கணக்கு. அக்டோபர் 27-ஓடு முடிகிறது. கடைசி இரண்டு மாதம் டீமோடு பயிற்சி செய்யலாமாம். நாளை மறுநாள் நான் மைதானத்துக்குப் போகிறேன், நைனா! கோச் போன் செய்து, "பூட்ஸ் இருக்கிறதா, விற்றுவிட்டாயா?" என்று கேட்டார். தலையணை பக்கத்திலேயே இருக்கிறது என்றேன்.

தீர்ப்பில் இரண்டு பக்கம் அந்த ஜனவரிக் கடிதத்தைப் பற்றித்தான். குழுவில் இருந்த டாக்டர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். சாம்பிளில் இருந்த அளவும் நான் மாத்திரை போட்ட நாளும் பொருந்துகின்றன என்று எழுதியிருக்கிறார். டீம் டாக்டரிடம் சொல்லாததும் படிவத்தில் எழுதாததும் என் தவறு, அதற்குத்தான் எட்டு மாதம் என்றும் எழுதியிருக்கிறார்கள். அது நியாயம்தான்.

வீடியோவில் உங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்புக்கரசி அக்கா ஒவ்வொரு கேள்வியையும் பலகையில் எழுதிக் காட்ட, நீங்கள் மட்டும் ஒவ்வொரு பதிலுக்கும் எழுந்து நின்றீர்கள். தலை திரையில் தெரியாமல் சட்டைப் பொத்தான் மட்டும் தெரிந்தது. மகன் ஏன் படிவத்தில் 'இல்லை' என்று எழுதினான் என்று கேட்டார்கள். "ஐயா, எங்க தெருவுல செட்ட யாரும் மருந்துன்னு சொல்ல மாட்டோம். மருந்துன்னா டாக்டரு எழுதணும். செட்டுன்றது வூட்ல உப்பு மாதிரி. அவன் பொய் சொல்லல. நாங்க அப்படித்தான் வளத்தோம், தப்பு எங்க மேல," என்றீர்கள். அக்கா அதை இங்கிலீஷில் சொல்லி முடித்ததும் தலைவர் உங்களை உட்காரச் சொன்னார். உங்களுக்குக் கேட்கவில்லை, நின்றுகொண்டே இருந்தீர்கள். நான் கேமராவை மூடிவிட்டு அழுதேன்.

இன்னொன்று. ஜூன் 10-லிருந்து உங்கள் கடிதங்களில் 'உன் நைனா' என்று இல்லை. வெறும் ஹென்றி. எனக்கு ஹென்றி என்று ஒருவரையும் தெரியாது. அடுத்த கடிதமும் அப்படியே வந்தால் படிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன். பார்வை எழுதத் தெரிந்த மனிதருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதா?

சாவியோ

*

ராயபுரம்
12-11-2025

பார்வை: உன் கடிதம் நாள் 26-8-2025. அதற்குப் பிறகு வந்த மூன்றும் சேர்த்து. பதில் தாமதம், காரணம் கீழே.

அன்பு மகன் சாவியோவுக்கு,

நலம்தானே? இங்கே அம்மாவின் முட்டிக்கு ஒருவழியாக டாக்டரைப் பார்த்தோம். அவர் சீட்டு எழுதினார், பொன்ராஜ் பில் போட்டார், பில்லை ஃபைலில் போட்டுவிட்டேன். போன வாரம் எனக்கு இருமல். பழக்க தோஷத்தில் பொன்ராஜிடம் கை நீட்டினேன். "சீட்டு கீதாண்ணே?" என்று கேட்கிறார், என்னிடமே!

இரண்டரை மாதமாக ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். நாலு தடவை எழுதினேன். கடைசி வரியில் வந்து நிற்பேன், கிழித்துவிடுவேன். அந்த வார்த்தையைப் போட எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. நீ மறுபடி மைதானத்தில் இறங்குவதைப் பார்த்துவிட்டுப் போடலாம் என்று இருந்தேன். பார்த்துவிட்டேன். எழுபதாவது நிமிடத்தில் இறக்கினார்கள். இறங்கினதும் சிலுவை போட்டுக்கொண்டாய். முதல் பந்தையே வெளியே அடித்தாய், அதை நான் மறக்கப் போவதில்லை. டெரிக் வீட்டில் இடமில்லாமல் பொன்ராஜ் வாசலில் நின்று பார்த்தார்.

22-ஆம் தேதி உங்கள் ஆட்டம் சென்னையில். நான், அம்மா, அன்புக்கரசி, பொன்ராஜ் நாலு பேரும் வருகிறோம். அம்மா வஞ்சிரம் வாங்கி வறுத்து வைப்பாளாம். டீம் டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து சாப்பிடு.

ஆட்டம் முடிந்து உன்னை மறுபடி சோதனைக்குக் கூப்பிட்டால் பதற்றப்படாதே. எவ்வளவு நேரமானாலும் வெளி கேட்டில் நிற்போம். அந்தப் படிவத்தில் என்ன எழுதுவது என்று நான் இந்த முறை வாயைத் திறக்கமாட்டேன். உனக்குத் தெரிந்த உண்மையை எழுது. திரும்பிப் போகும்போது உன் பையை நீயே கட்டு, நான் அதன் பக்கமே வரமாட்டேன்.

கீழே பார். கையெழுத்து சரியாக இருக்கிறதா?

உன் நைனா